பள்ளிக்கூடப் பைக்குள் மருந்து: மிஸியின் பதில்கள்

யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரிப் பிள்ளைகள் விடுதியில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வுபெற்ற தாதி நான். பள்ளிக்கூடத்தில் மருந்து கொடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கோண்டாவில் அம்மா: இரண்டாம் வகுப்பு மகனுக்குத் தொய்வு (ஆஸ்துமா). வாயால் இழுக்கக் கொடுத்துவிட்ட நீல மருந்துப் பம்மை அதிபரின் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இது சரியா, மிஸி?

சரியில்லை, தங்கச்சி. ஆனால் ரீச்சரைப் பிழை சொல்லவும் மாட்டேன். ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லாமல் மருந்து வந்தால் யாருக்கும் பயம் வரும். எந்தப் பம், எப்போது, எத்தனை தரம் என்று கிளினிக்கில் எழுதி வாங்குங்கள். அதிபருக்கு ஒரு பிரதி, வகுப்பு ரீச்சருக்கு ஒன்று. பம் வகுப்பறையில், பூட்டாத லாச்சிக்குள் இருக்கட்டும். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஓடிப் பழகும்போது மைதானத்துக்கும் போகவேண்டும். தைப் பனியும் புழுதியும் ஓட்டமும் சேர்ந்தால் முட்டு, அதாவது மூச்சுத் திணறல், வருவதற்கு வேறென்ன வேண்டும்!

நீலம்தான் முட்டுக்கு. மண்ணிறப் பம் தினமும் இழுக்கும் தடுப்பு மருந்து, அது வீட்டோடு இருக்கலாம். பம்மைக் குலுக்கி, ஸ்பேசருக்குள் (பம்மில் பொருத்தி மருந்தை இழுக்கும் குழாய்) ஒரு தரம் அமத்தி, ஐந்தாறு மூச்சு எடுக்க வையுங்கள். அப்புறம்தான் அடுத்தது. இரண்டு மூன்றை ஒன்றாக அடித்துவிட்டு ‘இழு’ என்றால் மருந்து வீண். ஸ்பேசர் கையில் இல்லையா? அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் அடியில் பம்மின் வாய் இறுக்கமாகப் புகும் அளவுக்கு ஓட்டை வெட்டினால் அவசரத்துக்குப் போதும். பிள்ளை பேச முடியாமல் திணறினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். வண்டி வரும்வரை பம்மை நிறுத்தவேண்டாம்.

சாவகச்சேரி ஆசிரியை: வகுப்பில் ஒரு பெடியனுக்கு வலிப்பு வந்தது. மற்றவர்கள் கையில் திறப்புக் கோர்வையை (சாவிக்கொத்தை) திணித்தார்கள், நின்றுவிட்டது.

அது நிற்கத்தான் இருந்தது, ரீச்சர். அநேகமான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக அடங்கும். பேரைத் திறப்பு வாங்கிக்கொண்டது. அடுத்தமுறை முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள். மேசை கதிரையை விலக்கி, தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைத்து, ஒருக்களித்துப் படுக்க விடுங்கள். வாய்க்குள் கரண்டியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் அம்புலன்ஸ்.

மானிப்பாய் அப்பா: மகள் இன்சுலின் போடுகிறாள். பாடம் நடக்கும்போது சாப்பிடக்கூடாது என்கிறார்கள்.

தம்பி, இரத்தத்தில் சீனி இறங்கும்போது கொடுப்பது சாப்பாடு இல்லை, மருந்து என்று கடிதத்திலேயே எழுதுவியுங்கள். கை நடுங்கி, வியர்த்து, பிள்ளை காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் சீனி இறங்குகிறது என்று ரீச்சருக்குத் தெரியவேண்டும். குத்திப் பார்க்கும்போது 70 mg/dLக்குக் கீழே என்றால் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். ஏறாவிட்டால் இன்னொரு தரம். சொக்லேட் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் சீனி மெல்லத்தான் ஏறும். மயங்கிவிட்டால் வாய்வழியே ஒன்றும் கொடுக்கக்கூடாது. சித்திரை வெயிலில் இன்சுலினைச் சைக்கிள் கூடைக்குள் விட்டுவிட்டு வரவும் கூடாது.

நல்லூர் அம்மா: மூன்று நேரக் குளிசை. மத்தியானக் குளிசையைக் கொப்பித் தாளில் சுற்றி அனுப்பலாமா?

வேண்டாம். விடுதிக்கு வந்த ஒரு பிள்ளையின் பொக்கற்றில் அப்படி ஒரு சுருள் இருந்தது. உள்ளே அரைக் குளிசை, வியர்வையில் கரைந்து, பேனா மை ஊறிப்போய். என்ன மருந்து என்று தாய்க்குப் போன் அடித்துத்தான் அறிந்தோம். பேரும் அளவும் எழுதிய கவரோடே அனுப்புங்கள். அதைவிட, பள்ளி விட்டு வந்ததும் போடலாமா என்று டொக்டரைக் கேளுங்கள். பல மருந்துக்கு அது சரிவரும்.

உடுவில் அம்மா: கிழமைக்கு ஒருமுறை பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசையை மகள் பூச்சாடிக்குள் போடுகிறாளாம்.

வயிறு எரிகிறதா என்று முதலில் கேளுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் எரிவு குறையும். தேத்தண்ணி அதோடு கூடாது, ஒரு மணித்தியாலமாவது போகட்டும். மலம் கறுப்பாகப் போகும், அதில் பயமில்லை. முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பிள்ளை பயந்துதான் போவாள். தலசீமியா (பரம்பரையாக வரும் இரத்த நோய்) உள்ள பிள்ளைக்கு மட்டும் டொக்டரைக் கேட்காமல் கொடுக்கவேண்டாம்.