501-வது யூனிட்டின் விலை: கரண்ட், கேஸ், அடுப்படிச் செலவு பற்றிக் கேள்வி பதில்

ஈபியில் கணக்கீட்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கரண்ட், கேஸ், அடுப்படி பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள். நகைச்சீட்டு, ஷேர், கிரெடிட் கார்டு பற்றிக் கேட்டால் பதில் வராது, எனக்குத் தெரியாது.

கேள்வி (தாம்பரம்): சார், போன தடவை 490 யூனிட், இந்தத் தடவை 510. இருபது யூனிட்தான் கூடுதல். பில் முந்நூறு ரூபாய்க்கு மேல் எகிறிவிட்டது. மீட்டர் கோளாறா?

மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள்.

நம்ம ஊரில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. 500 யூனிட்டுக்குள் இருப்பவருக்கு ஒரு அட்டவணை, தாண்டியவருக்கு வேறு அட்டவணை. 2022 செப்டம்பரில் வந்த ரேட்டை வைத்துச் சொல்கிறேன். அதன்பின் ரேட் ஏறியிருக்கிறது, உங்கள் பில்லில் உள்ளதைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

500-க்குள் என்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.25, அடுத்த 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6 ரூபாய். 500 யூனிட்டுக்கு மொத்தம் 1,725. ஒரு யூனிட் தாண்டினால் அந்த 2.25 படி காணாமல் போய்விடும். 101 முதல் 400 வரை எல்லாமே 4.50, 401 முதல் 500 வரை அதே 6, 500-ஐத் தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 வரும். அதாவது அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய்! உங்கள் கணக்கில் 490-க்கு 1,665, 510-க்கு 2,030. கவுன்டரில் வந்து சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேர் இந்த 500-க்கும் 520-க்கும் நடுவில் மாட்டியவர்கள்தான்.

ரீடிங் எடுத்து 45-ம் நாள் மீட்டரைப் போய்ப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டரில் பட்டனை அழுத்த அழுத்தத் தேதி, நேரம், வோல்ட் என்று ஒவ்வொன்றாக வரும். பக்கத்தில் கேடபிள்யூஎச் (kWh) என்று காட்டுவதுதான் யூனிட். அதில் கடைசியாகக் கணக்கெடுத்த எண்ணைக் கழியுங்கள். 390 வந்தால், இதே ஓட்டத்தில் 60-ம் நாள் 520-ல் நிற்பீர்கள். மிச்சமுள்ள பதினைந்து நாளும் ஒரு நாளைக்கு 7 யூனிட்டோடு நிறுத்தினால் தப்பித்தீர்கள். ஏசியை ஒரு மணி நேரம் முன்னால் அணைத்தாலே பெரும்பாலும் போதும். தேதியும் எண்ணும் காலண்டரில் இருக்கட்டும், ரீடிங் எடுக்க ஆள் தாமதமாக வந்தால் பேச அதுதான் ஆதாரம்.

கேள்வி (விருதுநகர்): செல்போன் சார்ஜரை ஸ்விட்சில் அணைத்தால் மிச்சமாகுமா?

போனைத் தினம் முழுதாக ஏற்றினாலே இரண்டு மாதத்துக்கு ஒரு யூனிட், ஒன்றரை யூனிட்தான். சும்மா தொங்கும் சார்ஜர் அதில் ஒரு துளி. அணையுங்கள், நல்ல பழக்கம்தான், பில்லில் தெரியாது. டிவிக்குக் கீழே இருக்கிற செட்டாப் பாக்ஸை அணையுங்கள். ரிமோட்டில் அணைத்தாலும் பல பாக்ஸ்கள் 10 வாட் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு மாதத்தில் 14 யூனிட்.

கேள்வி (ஈரோடு): பிளக்கில் சொருகினால் கரண்ட் பில் 30 சதவீதம் குறையும் என்று ஒரு பெட்டி விற்கிறார்கள் ஐயா. வாங்கலாமா?

வாங்காதீர்கள். உள்ளே ஒரு கெப்பாசிட்டரும் ஒரு பச்சை விளக்கும்தான். அது பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கும் கரண்ட்டில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் பயன்படுகிறது என்ற அளவை, சரிசெய்கிறது என்பார்கள். அதனால் லாபம் ஆலைகளுக்கு. வீட்டுக்கு யூனிட்டை வைத்துத்தான் பில், அந்தப் பெட்டியால் அது குறையாது. பச்சை விளக்குக்கான கரண்ட்டையும் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

கேள்வி (திருநெல்வேலி): பி.எல்.டி.சி. ஃபேன் மூவாயிரம் ரூபாய் சொல்கிறார்கள். போட்ட காசு வருமா?

எந்த அறைக்கு என்பதைப் பொறுத்தது. பழைய ஃபேன் 75 வாட், கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த இந்த பி.எல்.டி.சி. 30 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் குறையும். 4.50 ரேட்டில் 180 ரூபாய். மூன்று வருஷத்துக்குள் போட்ட காசு வந்துவிடும். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் மாட்டுங்கள். பூஜையறைக்கு மாட்டினால் பேரன் காலத்தில்தான் வரும்.

கேள்வி (கரூர்): சார்ஜரை அப்படியே விட்டால் கரண்ட் ஓடுமா சார்?

விருதுநகர்க்காரருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

கேள்வி (திருச்சி): கேஸ் விலை ஏறிக்கொண்டே போகிறது. இண்டக்‌ஷனுக்கு மாறினால் லாபமா?

இப்படிக் கேளுங்கள்! ஒரு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். அதன் மொத்தச் சூடு சுமார் 180 யூனிட் கரண்ட்டுக்குச் சமம். அடுப்பில் பத்தில் நான்கு பங்கு பாத்திரத்தைச் சுற்றிக் காற்றில் போய்விடும். இண்டக்‌ஷனில் வீணாவது குறைவு. எனவே ஒரு சிலிண்டர் சமையலை இண்டக்‌ஷனில் செய்ய ஏறக்குறைய 130 யூனிட் வேண்டும்.

சிலிண்டரை 870 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த 130 யூனிட்டும் உங்களுக்கு 4.50 ரேட்டில் விழுந்தால் 585 ரூபாய், லாபம். 6 ரூபாயில் விழுந்தால் 780, அப்போதும் கொஞ்சம் லாபம். 8 ரூபாயில் விழுந்தால் 1,040, நஷ்டம். 500 கோட்டைத் தாண்டவைத்ததே இண்டக்‌ஷன்தான் என்றால் அந்த 2.25 படி போவதால் ஏறும் 225 ரூபாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் ஓடும் வீடு தாராளமாக மாறலாம். ஏசி வீடு கோடையில் மாறக் கூடாது.

கேள்வி (மதுரை): கணக்கெல்லாம் சரி அண்ணே. இண்டக்‌ஷனில் தோசை வருமா? நடுவில் கருகுது, ஓரம் வெள்ளையா நிற்குது.

உண்மைதான். அடுப்புக்குள்ளே இருக்கும் கம்பிச்சுருள் எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் நேராகச் சூடாகும். சின்ன அடுப்பில் பெரிய கல்லை வைத்தால் அப்படித்தான். அடிகனமான இரும்புக் கல்லைக் குறைந்த சூட்டில் ஐந்து நிமிடம் விட்டு அப்புறம் ஊற்றிப் பாருங்கள்.

கேள்வி (திருச்சி, அதே நபர்): தோசைக்காக ஒருத்தர் 870 ரூபாய் கொடுப்பாரா? தினம் தோசையா சுடுகிறார்கள்?

கேள்வி (மதுரை): எங்க வீட்டில் தினம்தான். வந்து பாருங்க.

கேள்வி (கும்பகோணம்): மண்சட்டி, வெண்கல உருளி, ஈயச்சொம்பு எதுவுமே அதில் சூடேறாது. அத்தனையையும் பரணில் போட்டுவிட்டுப் புதுப் பாத்திரம் வாங்கும் காசை யார் கணக்கில் சேர்ப்பது?

நியாயமான கேள்வி, நான் சேர்க்கவில்லை. அடியில் காந்தம் ஒட்டினால்தான் இண்டக்‌ஷனில் வேலை செய்யும். பழைய அலுமினியக் குக்கரும் ஆகாது. இண்டக்‌ஷன் குக்கர் ஒன்று, பால் பாத்திரம் ஒன்று என்று மட்டும் வாங்கி, அரிசி, பருப்பு, பால், வெந்நீரை அதில் வையுங்கள். தோசையும் தாளிப்பும் கேஸிலேயே இருக்கட்டும். சிலிண்டர் கூடுதல் நாள் வரும், மதுரைக்கும் திருச்சிக்கும் சண்டையும் வராது.

கேள்வி (திருச்சி): நான் சண்டை போடவில்லை. ஈயச்சொம்பில் ரசம் வைக்கிறவர்தான் ஆரம்பித்தார்.

போதும். ஈயச்சொம்பைக் காலியாக அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்பதை மட்டும் சொல்லி இதை முடிக்கிறேன்.

கேள்வி (சேலம்): இண்டக்‌ஷன் வேண்டாம். கேஸையே மிச்சம் பிடிக்க வழி சொல்லுங்கள்.

பருப்பையும் அரிசியையும் அரை மணி ஊறவையுங்கள். குக்கரில் பிரஷர் வந்ததும் சிம்மில் வையுங்கள், ஏழெட்டு விசில் விடுவதில் போவது ஆவியும் கேஸும்தான். அடுக்குப் பாத்திரத்தில் சாதம், பருப்பு, காய் மூன்றையும் ஒரே ஏற்றத்தில் முடிக்கலாம். தீ மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரிப்பிடித்தால் பர்னர் துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

ஒன்றில் மட்டும் மிச்சம் பார்க்காதீர்கள். அது ரப்பர் டியூப். ஆரஞ்சு நிற சுரக்‌ஷா டியூபில் தேதி அச்சடித்திருக்கும், ஐந்து வருஷத்துக்குமேல் வைக்காதீர்கள். கசிவு வாசனை வந்தால் ஸ்விட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் போன் போடுங்கள்.

கேள்வி (வேலூர்): குளியலுக்கு கீசர் போடலாமா, வாட்டர் ஹீட்டர் ராடு போதுமா?

15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி ஏற்ற எதில் சுடவைத்தாலும் அரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். ராடு மலிவு என்பது கடையில் வாங்கும்போது மட்டும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அது வேண்டவே வேண்டாம். வேலூரில் சித்திரையில் எதற்கு வெந்நீர் என்பது வேறு கேள்வி.

கேள்வி (பல்லடம்): மாடியில் சோலார் போட மானியம் உண்டா?

பி.எம். சூர்ய கர் திட்டம், 2024-ல் வந்தது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை. இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டுக்குள் ஓடும் வீட்டுக்கு நான் அவசரப்பட மாட்டேன்.

கேள்வி (ஓசூர்): ஐயா, சார்ஜர்...

அணைத்துவிட்டுத் தூங்குங்கள்.

கேள்வி (ராமநாதபுரம்): மளிகைச் செலவுக்கு ஏதாவது சொல்லுங்கள் ஐயா, எல்லாரும் கரண்ட்டையே கேட்கிறார்கள்.

ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கௌரவம் பார்த்து விட்டுவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். புளியைப் புதுசு இறங்கும் மாசி, பங்குனியில் வருஷத்துக்கும் சேர்த்து வாங்கி, கொட்டை எடுத்து, கல் உப்புத் தூவி ஜாடியில் அடையுங்கள். துவரம் பருப்பில் விளக்கெண்ணெய் தடவி ஒரு வெயில் காயவைத்தால் வண்டு அண்டாது. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதை மிச்சம் என்று நினைக்காதீர்கள். கறுத்து நுரைத்தால் கொட்டிவிடுங்கள்.

கேள்வி (சென்னை, வாடகை வீடு): வீட்டுக்காரர் சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். நான் எப்படி மிச்சம் பிடிப்பது?

உங்களுக்கு 500 கோடும் கிடையாது, 100 இலவசமும் கிடையாது. முதல் யூனிட்டே 9 ரூபாய். ஆகவே மேலே சொன்ன ஃபேன் கணக்கு உங்களுக்கு இரண்டு மடங்கு லாபம், 40 யூனிட் குறைந்தால் 360 ரூபாய். ஃபேனைச் சொந்தமாக வாங்கி மாட்டுங்கள், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம், பழையதை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். இண்டக்‌ஷன் பக்கம் போகாதீர்கள், 130 யூனிட்டுக்கு 1,170 ஆகும். அடுத்த வீடு பார்க்கும்போது அட்வான்ஸைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தனி மீட்டரா என்று கேளுங்கள். தனி மீட்டர் வீட்டுக்கு வாடகை ஐந்நூறு கூடுதலாகச் சொன்னாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்போது மாதம் 150 யூனிட் ஓட்டுகிறீர்கள் என்றால் இரண்டு மாதத்துக்கு 2,700 கட்டுகிறீர்கள். தனி மீட்டரில் அதே 300 யூனிட்டுக்கு நான் சொன்ன ரேட்டில் 675 ரூபாய்தான்.