பணியிடக் கல்வி: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

செலவழித்துப் படிக்க வைத்த ஊழியர் வேறிடம் போய்விட்டால் எனக்கு நட்டந்தானே? (தொழிற்கூட உரிமையாளர்)

இது பழைய அச்சம். பொருளியலாளர் கேரி பெக்கர் 1964-இல் வெளியிட்ட மனித மூலதனம் பற்றிய நூலில், எங்கும் செல்லுபடியாகும் பொதுத் திறனையும் ஒரே நிறுவனத்துக்கு மட்டும் பயன்படும் தனித் திறனையும் பிரித்துக் காட்டி, பொதுத் திறனுக்கான செலவைப் பயிற்சிக் காலத்தின் குறைந்த ஊதியம் வழியாகத் தொழிலாளியே சுமப்பார் என்றார். நடைமுறையிலோ முதலாளிகள் அதற்கும் செலவிடுகிறார்கள். வேலை மாறுவது எளிதன்று. ஒருவர் எவ்வளவு தேறியிருக்கிறார் என்பது வெளியாருக்கு உடனே தெரிவதுமில்லை. ஆகவே கூடிய திறனின் பலனில் ஒரு பங்கு பயிற்றுவித்தவரிடமே தங்குகிறது. நான் கண்டவரை, படித்ததனால் விலகியவர்களைவிட, படித்த பின்பும் அதே வேலையும் அதே சம்பளமும் நீடித்ததனால் விலகியவர்களே அதிகம்.

அப்படியானால், விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதி வாங்கலாமா? (அவரே)

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். திருப்பிக் கேட்கும் தொகை உண்மைச் செலவை மிஞ்சாமலும், மாதந்தோறும் குறைந்துகொண்டே வருவதாகவும் இருந்தால் நியாயம் எனலாம்.

வேலை முடிந்த பின் வகுப்பு வைக்கிறார்கள், கண் சொருகுகிறது. இது முறையா? (ஊழியர்)

முறையன்று என்பதே என் கருத்து. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 140-ஆம் உடன்படிக்கை 1974-இலேயே ஊதியத்துடன் கூடிய கல்வி விடுப்பை வலியுறுத்தியது. களைத்த மூளைக்கு நடத்தும் பாடத்தில் இரு தரப்புக்கும் இழப்புத்தான்.

பயிற்சியின் பலனை எப்படி அளப்பது? (மனிதவளப் பிரிவு அலுவலர்)

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-இல் நான்கு படிகளை முன்வைத்தார்: பங்கேற்றவரின் கருத்து, கற்றது, பணியில் நடந்துகொள்ளும் விதம், நிறுவனத்துக்கு விளைந்தது. பலர் முதல் படியிலேயே, அதாவது வகுப்பு முடிவில் நிரப்பும் படிவத்திலேயே (அதுவும் தேநீருக்கு எழும் அவசரத்தில் நிரப்புவது) நின்றுவிடுகிறார்கள். மூன்றாம் படிக்கு நீங்கள் பணியிடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும். கடைசல் இயந்திரத்தில் நிற்பவர் தசமக் கணக்கு படித்துத் தேறுகிறார் என்று கொள்ளுங்கள். முன்பு ஒவ்வொரு துண்டுக்கும் மேற்பார்வையாளரை அழைத்தவர், இப்போது நுண்ணளவு காட்டும் வெர்னியர் அளவியைத் தானே வாசித்து, அளவு மிகுந்த துண்டை அந்த இடத்திலேயே ஒதுக்கிவைப்பார். ஆனால் ஒதுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லையெனில் அவர் மறுபடியும் மேற்பார்வையாளருக்காகக் காத்துத்தான் நிற்பார். உங்கள் கணக்கேட்டில் பயிற்சி தோற்றதாகப் பதிவாகும், தோற்றதோ பணி ஏற்பாடு. எனவே கழிவுத் துண்டுகளின் எண்ணிக்கையைப் பயிற்சிக்கு முன்பும் சில மாதங்கள் கழித்தும் குறித்து வையுங்கள். இடையில் அவர் யாரை, எதற்காக, எத்தனை முறை அழைத்தார் என்பதையும் எழுதி வையுங்கள்.