18 கிரெடிட் தாங்குமா?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இதுவரை செமஸ்டருக்கு 15 கிரெடிட். அடுத்த முறை 18 எடுத்தால் சீக்கிரம் முடிக்கலாமே என்று பார்க்கிறேன். வாரம் 12 மணி நேரம் பகுதிநேர வேலையும் உண்டு. எடுக்கலாமா?

பதில்: முதலில் கிரெடிட்டை மணிக்கணக்காக மாற்றுங்கள். அமெரிக்க முறையில் ஒரு கிரெடிட் என்றால் வாரம் 1 மணி நேர வகுப்பு, வெளியே குறைந்தது 2 மணி நேரப் படிப்பு. (ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட்டுக்கு மொத்தம் 25 முதல் 30 மணி நேரம். அங்கே செமஸ்டருக்கு 30 கிரெடிட் வழக்கமானதுதான்.) முதல் கணக்குப்படி 18 கிரெடிட்டுக்கு வாரம் 54 மணி நேரம், வேலையோடு 66. எட்டு மணி நேரத் தூக்கமும் போனால் நாளுக்கு ஆறரை மணி நேரம் மிஞ்சும். சாப்பாடு, குளியல், பயணம் எல்லாம் அதற்குள்தான். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் ஈடுகட்ட நேரம் கிடைக்காது.

ஆய்வகப் பாடம் இருந்தால் இந்தக் கணக்கும் போதாது. 1 கிரெடிட் ஆய்வகத்துக்கே பல இடங்களில் 3 மணி நேரம் நிற்க வேண்டும்; அதன்பின் அளவீடுகளை அட்டவணையாக்கி, வரைபடம் போட்டு, அறிக்கை எழுத இன்னொரு மாலை போய்விடும். இரண்டு ஆய்வகங்களோடு 18 வேண்டவே வேண்டாம்.

பதிவு செய்யுமுன் ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் வாங்கி, தேர்வு, ஒப்படைப்புத் தேதிகளை ஒரே தாளில் வாரவாரியாகக் குறியுங்கள். முதல் சில வாரம் எல்லாமே லேசாகத் தெரியும். இடைத்தேர்வு வாரத்தில்தான் மூன்று பாடங்கள் ஒன்றாக மோதும். சீனியர்களிடம் "கஷ்டமா?" என்று கேட்காதீர்கள், "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பிடித்தது?" என்று கேளுங்கள். ஒன்றாவது லேசான பாடமாக இருந்து, வேலை நேரத்தையும் குறைக்க முடிந்தால் மட்டும் 18 எடுங்கள். இல்லையென்றால் 15 போதும்; பாக்கியைக் கோடைப் பருவத்தில் முடிக்கலாம்.

கேள்வி: எடுத்தபின் முடியவில்லை என்றால் ஒன்றை விட்டுவிடலாமா?

பதில்: விடலாம், ஆனால் எப்போது என்பது முக்கியம். பொதுவாக இரண்டு கெடு இருக்கும். தொடக்க வாரங்களில் வரும் முதல் கெடுவுக்குள் நீக்கினால் மதிப்பெண் சான்றிதழில் சுவடே இராது. இரண்டாவது கெடுவுக்குள் விலகினால் 'விலகினார்' என்ற குறி விழும், கட்டணமும் பெரும்பாலும் திரும்பாது. முழுநேர மாணவருக்கான குறைந்தபட்ச கிரெடிட்டுக்குக் கீழே இறங்கினால் உதவித்தொகையும் விசாவும் சிக்கலாகலாம். முன்னதாகவே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த செமஸ்டர் பாடத்துக்கு முன்தேவையாக உள்ளதை விடாதீர்கள், பின்னால் ஓர் ஆண்டே தள்ளிப்போகக்கூடும்.