அலுமினிய பிரேக் ட்ரமுக்குள் இரும்பு வளையம் எதற்கு?

கேள்வி: உப்புவெளியில் சிறிய வார்ப்புப் பட்டறை நடத்துகிறேன். பழைய பிஸ்டன்களையும் பாத்திரங்களையும் உருக்கி வார்க்கிறோம். மொரிஸ் மைனர் கார் வைத்திருக்கும் ஒருவர், தேய்ந்துபோன முன் பிரேக் ட்ரம்களை அலுமினியத்தில் வார்த்துத் தரச் சொல்கிறார். எடை குறையும், சூடும் விரைவில் ஆறும் என்கிறார். செய்யலாமா? (வாசகர், திருகோணமலை)

பதில்: அவர் சொல்லும் இரண்டும் உண்மையே. அலுமினியம் வார்ப்பிரும்பின் எடையில் பாதிக்கும் குறைவு. வெப்பத்தையும் ஏறத்தாழ மூன்று மடங்கு நன்றாகக் கடத்தும். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பியூக் கார்களுக்கு, காற்றுப் படுவதற்கான சிறகுகளுடன் அலுமினிய ட்ரம்கள் வந்தன. ஆனால் அவற்றிலும் லைனிங் (ட்ரமின் உட்புறத்தில் அழுந்தி வண்டியை நிறுத்தும் உராய்வுப் பட்டை) உரசிய இடம் வார்ப்பிரும்பு வளையமே. வெறும் அலுமினியத்தில் லைனிங்கை உரசவிட்டால் மேற்பரப்பு வரிவரியாகக் கீறுபட்டு விரைவில் தேய்ந்துவிடும். 200 பாகை செல்சியசைத் தாண்டினால் உலோகத்தின் வலுவும் குறையத் தொடங்கும்.

அலுமினிய ட்ரமைச் சூடாக்கி வளையத்தை உள்ளே செருகினால் போதாதா என்று நீங்கள் கேட்கக்கூடும். போதாது. 8 அங்குல ட்ரம் 100 பாகை சூடேறும்போது இரும்பின் விட்டம் ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் விரிந்தால், அலுமினியம் அதைப்போல் இரு மடங்கு விரியும். அதனால், வெப்பத்தை வெளியே கடத்த வேண்டிய அந்த நேரத்திலேயே செருகிய வளையத்தின் பிடி தளர்ந்து, இரண்டுக்குமிடையே மெல்லிய காற்று இடைவெளி விழுந்துவிடும். அந்த இடைவெளியில் நமது கடற்கரையின் உப்பு ஈரமும் புகுந்தால், இரும்பை ஒட்டியிருக்கும் அலுமினியம் வெண்பொடியாக அரிக்கும்.

ஆகவே இரு உலோகங்களும் ஒன்றோடொன்று பிணைய வேண்டும். வளையத்தைத் துருவும் எண்ணெயும் இல்லாமல் சுத்தம் செய்து, உருகிய அலுமினியத்தில் அமிழ்த்தி, இரும்பும் அலுமினியமும் கலந்த மெல்லிய படலம் உருவானதும், அது ஆறுவதற்குள் அச்சில் வைத்து வெளிப்பகுதியை வார்ப்பதே இதற்கு அறியப்பட்ட முறை. சொல்வதற்கு எளிது, அமிழ்த்தும் சூடும் நேரமும் சற்றுப் பிசகினாலும் படலம் தடித்து நொறுங்கும். பாத்திர அலுமினியத்தை இதில் கலக்காதீர்கள், அது சூட்டில் மிக மென்மையானது. சிலிக்கன் மிகுந்த பிஸ்டன் உலோகம் மேல். அச்சு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லையேல் உள்ளே வாயுத் துளைகள் விழும்.

முதலில் வார்க்கும் சில ட்ரம்களை வாளால் குறுக்கே அறுத்து, இரும்பும் அலுமினியமும் சேரும் கோட்டை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். எங்காவது கறுப்புக் கீற்று தெரிந்தால் அங்கே பிணைப்பு இல்லை. அறுத்ததெல்லாம் சுத்தமாக வந்த பிறகும், சூடேற்றிச் சோதிக்காமல் எந்தக் காரிலும் பூட்ட வேண்டாம். உங்கள் வாடிக்கையாளர் நுவரெலியாவிலிருந்து ரம்பொடை மலைப்பாதை வழியாக இறங்கும் நாளும் வரலாம். இப்போதைக்கு அவருக்கு வார்ப்பிரும்பு ட்ரமையே தேடிக் கொடுங்கள்.