பதிவில்லாத மின்சார ஸ்கூட்டரை மகளுக்கு வாங்கலாமா?

கேள்வி: முல்லைத்தீவில் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மகள் உயர்தரம் படிக்கிறாள், வயது 17. பள்ளிக்கூடம் 11 கிலோமீற்றர் தூரம், அதில் 3 கிலோமீற்றர் கிரவல் வீதி. கடையில் 60 வோல்ட், 20 அம்பியர்-மணி ஈயப் பற்றரி போட்ட மின்சார ஸ்கூட்டர் ஒன்று பார்த்தோம். மணிக்கு 45 கிலோமீற்றர் ஓடுமாம். பதிவும் வேண்டாம், லைசன்ஸும் வேண்டாம் என்கிறார்கள். வாங்கலாமா? ஓடப்போவது எங்கட பிள்ளை, காசும் எங்கட காசு. இதற்குள் அரசாங்கம் ஏன் வரவேண்டும்?

பதில்: அந்த ஸ்கூட்டரை இப்போது இருக்கிற நிலையில் வாங்காதீர்கள். பதிவு செய்து இலக்கத்தகட்டோடு தந்தால் வாங்கலாம். அப்போதும் மகள் 18 வயதாகி லைசன்ஸ் எடுக்கும்வரை அதை ஓடக்கூடாது.

‘பதிவு வேண்டாம்’ என்ற பேச்சு இந்தியாவில் இருந்து வருவது. அங்கே மோட்டர் 250 வாட்டுக்கும் வேகம் 25 கிலோமீற்றருக்கும் உட்பட்டிருந்தால் பதிவும் லைசன்ஸும் தேவையில்லை. தமிழ்நாட்டு யூடியூப் வீடியோக்களைப் பார்த்து இங்கே இலங்கையிலும் அதுதான் சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். நீங்கள் பார்த்த வண்டி 45இல் ஓடுகிறது. இந்தியாவிலேயே அதற்கு இலக்கத்தகடு கேட்பார்கள். எங்கள் நாட்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். இயந்திர வலுவால் வீதியில் ஓடுவது எதுவும் அதன்படி மோட்டார் வாகனம்தான். உள்ளே எரிவது பெற்றோலா, சுற்றுவது கரன்டா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. லைசன்ஸ் இல்லாத ஒருவரிடம் வண்டியைக் கொடுத்து ஓடவிடுவதும் குற்றம். பிள்ளை பிடிபட்டால் உங்களையும் கேட்பார்கள்.

தண்டப்பணத்தை விடப் பெரிய விஷயம் காப்புறுதி. பதிவில்லாமல் ஓடுகிற வண்டிக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி பொதுவாகக் கிடைக்காது. சைக்கிளில் போகிற ஒரு வயதானவரை மகள் தட்டிவிட்டால் வைத்தியச் செலவு, நட்டஈடு எல்லாம் உங்கள் வீட்டுக் காணியின் தலையில்தான் விழும். விழுகிறவர் உங்கள் வண்டியைத் தெரிவு செய்யவில்லை. ‘எங்கட காசு, எங்கட விருப்பம்’ என்பதற்குள் அவர் அடங்கமாட்டார்.

பற்றரியும் அப்படித்தான். பிரேக் பிடிக்குமா, ரயர் தேய்ந்திருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். பற்றரிப் பெட்டிக்குள் எந்தத் தரத்துச் செல்களைப் போட்டிருக்கிறார்கள் என்பதை வாங்குகிற எவராலும் பார்க்க முடியாது. நியூயோர்க் நகரில் 2023இல் மட்டும் மின்சார சைக்கிள், ஸ்கூட்டர் போன்றவற்றின் லித்தியம் பற்றரித் தீயில் 18 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு செப்டெம்பரில் இருந்து, ஆய்வுகூடச் சான்று இல்லாத மின்சார சைக்கிளையோ பற்றரியையோ அங்கே விற்க முடியாது. இந்தியாவும் 2022இல் ஸ்கூட்டர்கள் எரிந்த பிறகு பற்றரிச் சோதனை விதிகளை இறுக்கியது. கண்ணால் பார்க்க முடியாத இடத்தை ஓடுகிறவர் சார்பில் ஒருவர் பார்த்தே ஆகவேண்டும். அந்த வேலையில் அரசாங்கம் கைவைப்பது சரி என்பதே என் கருத்து.

மெதுவாக ஓடுகிற, மிதித்தால் மட்டும் மோட்டர் உதவுகிற சைக்கிளை ஐரோப்பாவில் 250 வாட், 25 கிலோமீற்றர் என்ற எல்லைக்குள் சாதாரண சைக்கிளாகவே நடத்துகிறார்கள். அப்படியொரு தெளிவான வகுப்பு எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் வேண்டும். அதைக் கேட்பது உங்கள் உரிமை. ஆனால் 45இல் ஓடுகிற வண்டி அந்த வகுப்புக்குள் வராது. 25இல் மோதுவதை விட 45இல் மோதும்போது அடியின் சக்தி மூன்று மடங்குக்கும் மேல்.

இனி கடையில் செய்யவேண்டியது. காசு பேசுவதற்கு முன் சேஸி இலக்கத்தையும் மோட்டர் இலக்கத்தையும் கேளுங்கள். மோட்டர் இலக்கம் பெரும்பாலும் பின்சில்லின் நடுக்குடத்தில் வெட்டப்பட்டிருக்கும். துணியால் துடைத்து, கைபேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். அந்த இரண்டும் சுங்கப் பத்திரத்தில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சுங்கப் பத்திரம் இல்லாத வண்டியைப் பிறகு பதிவு செய்வது மிகக் கஷ்டம். ‘வாங்குங்கோ, நம்பர் பிறகு எடுத்துத் தருவம்’ என்று சொல்லி விற்பதில்தான் சனம் அதிகம் மாட்டுப்படுகிறது. முற்பணம் மட்டும் கொடுங்கள். பதிவும் தகடும் வந்த பின்னரே மிச்சம் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் காப்புறுதி எடுத்து, அந்த இரண்டையும் கொண்டு பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும்.

பற்றரிக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். 60 வோல்டை 20 அம்பியர்-மணியால் பெருக்கினால் 1,200 வாட்-மணி. கிரவலும் தாரும் கலந்த வீதியில் ஒரு கிலோமீற்றருக்கு 30 வாட்-மணி அளவு போகும். போய்வர 22 கிலோமீற்றருக்கு 660. அது பற்றரியின் பாதிக்குச் சற்று மேல். ஈயப் பற்றரியைத் தினமும் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் விரைவாகக் குறையும். பின்னேர ரியூசனும் சேர்ந்து 30 கிலோமீற்றர் ஆனால் 900, அதாவது முக்கால்வாசி. புதிதில் ஓடும். பழசாகும்போது நடுவழியில் நிற்கும், அதுவும் இருட்டுகிற நேரத்தில், யானை கடக்கிற பக்கத்தில். கட்டுப்படியாகுமானால் லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி போட்ட வண்டியைக் கேளுங்கள். தினமும் முக்கால்வாசி இறக்குவதை அது தாங்கும். மற்ற லித்தியம் வகைகளை விட எளிதில் தீப்பிடிக்காது.

ஈயப் பற்றரி செத்ததும் அதே வண்டிக்கு லித்தியம் மாற்றுகிறவர்கள் செய்கிற ஒரு பிழை வீட்டையே எரிக்கக்கூடியது. பழைய சார்ஜரை அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். 60 வோல்ட் ஈயப் பற்றரிச் சார்ஜர் 73 வோல்டுக்கு மேலே ஏற்றும். 16 செல் கோர்த்த சாதாரண (இரும்பு பொஸ்பேற் அல்லாத) லித்தியம் பற்றரி நிரம்புவது 67.2 வோல்டில். மிச்சத்தைத் தடுப்பது உள்ளே இருக்கிற ஒரு சிறிய பாதுகாப்புப் பலகை மட்டுமே. அது பழுதானால் தடுக்க ஒன்றும் இல்லை. சார்ஜரின் முதுகில் ஒட்டியிருக்கும் லேபலில் வெளியீட்டு வோல்ட் எழுதியிருக்கும். புதுப் பற்றரி விற்கிறவரிடம் அந்த எண்ணைக் காட்டி, இது பொருந்துமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஓடி வந்த கையோடு சார்ஜ் போடாதீர்கள். அரை மணித்தியாலம் ஆறட்டும். மத்தியான வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஏற்றுவது பற்றரிக்குக் கூடாது. படுக்கிற அறையிலும் வெளியே போகிற வாசலிலும் ஏற்றக்கூடாது, தீப்பிடித்தால் தப்புகிற வழியை அது அடைத்துவிடும். திறந்த விறாந்தையின் ஓரம் நல்லது. ஒரு பிளக்கில் மூன்று கோர்க்காமல் சுவர் பிளக்கில் நேரே போடுங்கள். லித்தியம் புகையத் தொடங்கினால் மண் போட்டு அணைக்க நிற்காமல் எல்லோரையும் வெளியே எடுங்கள்.

மாரியில் பாலத்துக்கு மேலால் வெள்ளம் போனால் பின்சில்லின் அச்சு மூழ்குகிற அளவுக்கு இறக்காதீர்கள். அச்சுக்குள்ளால் வயர் நுழைகிற துவாரத்தால் தண்ணீர் உள்ளே போகும். அங்கே இருக்கிற சென்சர்கள் போனால் மோட்டர் உதறும், பிறகு நிற்கும்.

மகளுக்கு 18 ஆகும்வரை, மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் வைத்திருக்கிற தாயோ தகப்பனோ ஓட்ட, அவள் பின்னால் இருந்து போகலாம். எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரை உள்ள ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள், பின்னால் இருப்பவருக்கும் அது கட்டாயம். இரவில் தார் வீதியின் சூட்டுக்கு மாடுகள் வந்து படுக்கும். இந்த வண்டிக்குச் சத்தம் இல்லாததால் அவை எழும்பாது. முன்விளக்கின் வெளிச்சம் எட்டுகிற தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் மட்டும் ஓடுங்கள்.