வந்த நேரமும் போன நேரமும்

கேள்வி: என் தங்கை கலிபோர்னியாவில் வசிக்கிறாள். பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும் தன் மாமியாரைப் பராமரிக்கிறாள். அதற்கு அரசுத் திட்டம் சம்பளம் தருகிறது. வீட்டுக்குள் நுழையும்போதும் புறப்படும்போதும் கைப்பேசியில் பதிய வேண்டுமாம். “திருடியை வேவு பார்ப்பதுபோல் இருக்கிறது அக்கா” என்று அழுகிறாள். நாள் முழுவதும் அவளைக் கண்காணிப்பார்களா? மாமியாரைத் தன் வீட்டுக்கே அழைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை தீருமா?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: நாள் முழுவதும் யாரும் அவரைப் பின்தொடரவில்லை, அம்மா. இதை முதலில் தங்கையிடம் சொல்லுங்கள்.

2016 டிசம்பரில் அமெரிக்கா இயற்றிய ‘21ஆம் நூற்றாண்டு கியூர்ஸ்’ சட்டத்திலிருந்து வந்த ஏற்பாடு இது. வருமானம் குறைந்தோருக்கான அரசு மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்ட் பணத்தில் நடக்கும் வீட்டுப் பராமரிப்புக்கு, என்ன சேவை, யாருக்கு, யார் செய்தது, எந்த நாள், எங்கே, எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்ற ஆறு விவரங்கள் மின்னணு முறையில் பதிவாக வேண்டும். இதைச் செய்யாத மாநிலத்துக்கு, அந்தச் செலவில் மத்திய அரசு தரும் பங்கு குறைக்கப்படும். எப்படிப் பதிவது என்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். ஜிபிஎஸ் கட்டாயம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. சில மாநிலங்களில் வீட்டுத் தொலைபேசியிலிருந்து அழைத்தாலே போதும்.

கலிபோர்னியா 2023 ஜூலை முதல், உடன் வசிக்காத பராமரிப்பாளர்கள் வருகையையும் புறப்பாட்டையும் பதிய வேண்டும் என்றது. ‘வீடு’ என்று தெரிவுசெய்து பதியும் அந்தக் கணத்தில் மட்டுமே இருப்பிடம் குறிக்கப்படும். மாமியாரை மருத்துவரிடம் அழைத்துச் சென்ற இடத்தில் வேலை தொடங்கினால் ‘வெளியிடம்’ என்று பதியலாம். அப்போது இருப்பிடம் பதிவாவதில்லை.

தோ பாயோவிலும் அங் மோ கியோவிலும் வீடுவீடாகப் போய்ப் பணிசெய்த தாதி நான். அப்போது நோயாளியின் வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும்: தேதி, வந்த நேரம், போன நேரம், கையொப்பம். ஒரு மூதாட்டியின் வீட்டில் அதைப் புரட்டினேன். ஒரு வாரம் முழுவதும் ஒரே மை, ஒரே சாய்வு, எல்லா நாளும் சரியாக ஒன்பது மணி. போர்வையை விலக்கினால் குதிகாலில் படுக்கைப்புண் சிவந்து கிடந்தது. பேச முடியாத அந்த அம்மாளுக்காக யார் சாட்சி சொல்வது? ஆகவே வருகையைச் சரிபார்ப்பதை நான் எதிர்க்கமாட்டேன். நேர்மையாக உழைக்கும் உங்கள் தங்கைக்கும் அது ஒரு சான்றுதான்.

ஆனால் கைப்பேசிக்குத் தெரிவது வாசலைத் தாண்டியது மட்டும்தான். உடலைத் திருப்பிப் படுக்கவைத்தாரா, கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாரா என்பது அதற்குத் தெரியாது. நேரத்தைப் பதிந்துவிட்டதாலேயே பராமரிப்பு நடந்துவிட்டதாக அதிகாரிகள் நினைத்தால் அது பெரும் தவறு. அமெரிக்காவில் உடற்குறையுள்ளோர் பலர் இதை எதிர்த்ததற்கும் காரணம் உண்டு: தங்கள் நடமாட்டமும் சேர்ந்து பதிவாகிறதே என்ற கவலை அவர்களுக்கு. அந்தக் கவலை எனக்கும் உண்டு.

நம் ஊர் இல்லப் பராமரிப்பு மானியத்தில் மணிக்கணக்கு கேட்பதில்லையே என்று நீங்கள் நினைக்கலாம். அது குடும்பத்தின் சுமையைக் குறைக்க மாதந்தோறும் வரும் தொகை. தங்கைக்குக் கிடைப்பதோ மணிக்கு இவ்வளவு என்ற கூலி.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. ஒரே வீட்டில் வசிக்கும் பராமரிப்பாளர் கலிபோர்னியாவில் இப்படி வருகையைப் பதிய வேண்டியதில்லை. உடன் வசிப்பதாக அறிவித்தால் போதும்; வேலை நேரப் பட்டியலை மட்டும் வழக்கம்போல் அனுப்ப வேண்டும். ஆனால் ஒன்று: சமையல், துப்புரவு போன்றவை வீட்டிலுள்ள எல்லாருக்கும் பொதுவாகிவிடுவதால், அவற்றுக்கு ஒதுக்கிய மணிநேரம் குறையக்கூடும். சம்பளமும் அதற்கேற்பக் குறையும். மாமியாரின் பெட்டியைக் கட்டுவதற்கு முன்பே, எத்தனை மணிநேரம் மிஞ்சும் என்று வட்டார அலுவலகத்தின் சமூக ஊழியரிடம் எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.