திருகோணமலையில் சிறிய வளவுள்ள வீட்டில் குப்பையைப் பிரித்துக் கூட்டெரு செய்ய முடியுமா?

கேட்டவர் உவர்மலையில் ஒரு வாடகை வீட்டில் குடும்பத்தோடு இருக்கிறார். வளவு சிறியது. கூட்டெருப் பீப்பாய் வைத்தால் நாற்றம் வருமா, பாம்பு வருமா, உக்காத குப்பையை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாக முடியும். அலஸ்தோட்டத்தில் எங்கள் ஒழுங்கையில் பல வீடுகளில் செய்கிறோம். ஆனால் பீப்பாயைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு வேண்டுகோள். நாளை காலை முற்றம் கூட்டியதும் சருகுக் குவியலுக்கு நெருப்பு வைக்காதீர்கள்.

நம் ஊரில் விடிந்ததும் முற்றம் கூட்டாத வீடு இல்லை. வேம்பு, மா, பலா என்று விழுந்ததையெல்லாம் ஒரு மூலையில் கூட்டிக் கொளுத்துகிறோம். அதே நேரத்தில் குசினியில் சேர்ந்த மரக்கறித் தோல், தேங்காய்ச் சக்கை, மிஞ்சிய சோறு, மீன் குடல் எல்லாம் ஒரே சொப்பிங் பையில் கட்டப்பட்டு வாசலுக்குப் போகின்றன. குசினிக் கழிவில் ஈரமும் நைதரசனும் அதிகம். சருகில் காபன் அதிகம். உக்கச்செய்யும் நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைதரசனுக்கு 25 முதல் 30 பங்கு வரை காபன் வேண்டும். அதாவது, குசினிக் கழிவு நாறாமல் உக்குவதற்கு எது தேவையோ அதைத்தான் நாம் தினமும் காலையில் எரித்துப் புகையாக்குகிறோம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

வாசலில் வைத்த பைக்கு என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியும். காகமும் நாயும் மாடும் கிழிக்கின்றன. வேறு ஊர்களில் இல்லாத இன்னொன்றும் இங்கே நடக்கிறது. பிரெட்ரிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியிலும், கடற்கரையிலும், நகர வீதிகளிலும் புள்ளிமான்கள் திரிகின்றன. கடற்கரையோரம் ஒரு பெண்மான் சோற்றுப் பார்சல் சுற்றிய லன்ச் சீற்றை, அதாவது மெல்லிய பொலித்தீன் தாளைத் தின்பதை மிக அருகில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் ஒட்டியிருந்த பருக்கைகளை நக்கியது. பிறகு கறி பட்டிருந்த மூலையைக் கடித்தது. தாளின் ஒரு நுனி வாய்க்குள் போனதும் மீதி தானாகவே உள்ளே இழுபட்டது. துரத்தினால் அதையும் கவ்விக்கொண்டே ஓடியது. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் பொலித்தீன் செரிக்காது, வெளியேறவும் மாட்டாது. நாளாக நாளாகத் திரண்டு கட்டியாகிறது. வயிறு நிறைந்திருப்பதால் மான் மேய்வதை விடுகிறது, மெலிந்து சாகிறது. அம்பாறையில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைகள் பிளாஸ்டிக் தின்று இறந்தது 2022 ஜனவரியில் உலகச் செய்தியானது. அந்த மானைக் கவர்ந்தது பொலித்தீன் அல்ல, அதில் ஒட்டியிருந்த உப்பும் குழம்பும்தான். சாப்பாட்டுக் கழிவு பைக்குள் போகாவிட்டால் பையைத் தேடி எந்த விலங்கும் வராது. எனவே பிரிக்க வேண்டிய இடம் குப்பை மேடு அல்ல, நம் குசினி. கலந்துவிட்ட பிறகு எந்த உள்ளூராட்சிச் சபையாலும் எந்த இயந்திரத்தாலும் அதைச் சரியாகப் பிரித்தெடுக்க முடியாது.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். குசினியில் மூடியுள்ள ஒரு வாளி போதும், அதில் உக்கும் கழிவு மட்டும் சேரட்டும். பீப்பாய் கடையிலும் கிடைக்கும், சில சபைகள் சலுகை விலையிலும் கொடுக்கின்றன. இல்லையென்றால் பழைய தண்ணீர்ப் பீப்பாயின் அடியை வெட்டி, பக்கங்களில் விரல் நுழையும் அளவில் துளையிட்டுக்கொள்ளுங்கள். மரநிழலில், அடியில் கம்பிவலை விரித்து, நேரே மண்மேல் வையுங்கள். அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சுள்ளியும் பொச்சும் போடுங்கள். அதன்பின் ஒரு வாளி கழிவு கொட்டினால் மேலே இரண்டு மூன்று வாளி சருகு. கழிவு கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் அளவு. கிழமைக்கு ஒருமுறை தடியால் கிளறிவிடுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. நாறினால் ஈரம் கூடிவிட்டது, சருகு போடுங்கள். எறும்பு ஏறினால் காய்ந்துவிட்டது, அரிசி கழுவிய தண்ணீர் தெளியுங்கள். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் எறும்புத் தொல்லைதான் அதிகம். நம் வெயிலுக்கு மூன்று மாதத்திலேயே அடியில் கரிய எரு சேர்ந்துவிடும். வீட்டுப் பீப்பாய் சிறியது என்பதால் பெரிய குவியல்போல் விதைகள் சாகும் அளவுக்குச் சூடேறுவதில்லை, ஆகவே விதை முற்றிய களைகளைப் போடாதீர்கள்.

பாம்பு எருவைத் தேடி வருவதில்லை. எலியையும் தவளையையும் தேடித்தான் வருகிறது. எலி சோற்றுக்கு வரும். அதனால்தான் கம்பிவலை, அதனால்தான் சருகு மூடாக்கு. பீப்பாய்க்குப் பக்கத்தில் சிரட்டை, உடைந்த ஓடு, கல் என்று குவித்து வைக்காதீர்கள், பாம்பு தங்குவது அங்கேதான்.

புழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும், பலர் அதைக் கண்டே கைவிட்டுவிடுகிறார்கள். எதிர்வீட்டு அக்கா எங்கள் பீப்பாயைத் திறந்து பார்த்துவிட்டு, “என்ன பிள்ளை, முழுக்கப் புழுவாக இருக்கிறதே! டெங்கு வராதா?” என்று பதறினார். சாம்பல் நிறத்தில், தட்டையாக, சுருக்கம் விழுந்த தோலோடு நெளிபவை ஒரு கரிய ஈயினத்தின் குடம்பிகள். வளர்ந்த அந்த ஈ நம் சாப்பாட்டில் வந்து மொய்ப்பதில்லை. குடம்பிகளோ கழிவை மிக வேகமாகத் தின்று தீர்த்துவிடும். அவரிடம் இதைச் சொல்லி, அவர் வீட்டு வேலியோரம் கிடந்த யோகட் கோப்பைகளையும் சிரட்டைகளையும் காட்டினேன். டெங்கு நுளம்பு வளர்வது அங்கே தேங்கும் தெளிந்த தண்ணீரில். 2017இன் தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பதை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நுளம்பு முட்டைகளைப் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் அவை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே பூச்சாடியாக்க எடுக்கும் எந்த டப்பாவுக்கும் முதலில் அடியில் துளையிடுங்கள். தண்ணீரை ஊற்றிவிட்டால் போதாது, உள்ளே தேய்த்துக் கழுவ வேண்டும். பயன்படுத்தாத டப்பாவைப் ‘பிறகு உதவும்’ என்று வெளியே வைப்பது மீள்பயன்பாடு ஆகாது.

கடலோர ஊரில் மீன் கழிவுதான் பெரிய சங்கடம். அதைப் பீப்பாயில் போட வேண்டாம். வாழையடியில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, கழிவைக் கொட்டி, சாம்பலும் சருகும் தூவி மூடி, நாய் கிளறாமல் மேலே ஒரு கல் வையுங்கள். இறால் கோதும் நண்டுக் கோதும் மெதுவாகத்தான் உக்கும், ஆனால் மண்ணுக்கு நல்லவை. ஒரு கவனம்: உவர்மலையில் தரை இறுகியிருக்கும், எங்கள் பக்கம் வெறும் மணல். மணலில் கழிவுநீர் எளிதாக இறங்கிக் கிணற்றில் சேரும். குழியைக் கிணற்றிலிருந்து முடிந்த அளவு தள்ளித் தோண்டுங்கள்.

உக்காத குப்பையில் போத்தல், தகரம், கடதாசி அட்டை, கடினமான பிளாஸ்டிக் ஆகியவற்றைக் கழுவிக் காயவைத்து ஒரு உரப்பையில் சேர்த்தால் பழைய இரும்பு வாங்குபவர் எடுத்துக்கொள்வார். கழுவாததை அவர் தொடமாட்டார், அது நியாயமும்கூட. பிஸ்கட் உறை, சம்பூ பைக்கற், கறி ஒட்டிய பொலித்தீன் ஆகியவற்றை வாங்க ஆளில்லை. அவற்றைக் கொளுத்துவது குற்றம். திறந்த வெளியில் பிளாஸ்டிக் எரிப்பதை 2017 செப்டெம்பரிலேயே வர்த்தமானி மூலம் தடைசெய்துவிட்டார்கள். லன்ச் சீற்றும் றெஜிபோம் பெட்டியும் தடையானது அப்போதுதான். பிளாஸ்டிக் இடியப்பத் தட்டுக்கும் மாலைக்கும் 2023 ஒக்டோபரில் தடை வந்தது. 2025 நவம்பர் முதல் கடைகளில் சொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்கவும் கூடாது. இத்தனைக்குப் பிறகும் மீன் சந்தையில் மெல்லிய பைதான் கைக்கு வருகிறது. வீட்டிலிருந்து பனையோலை உமலோ மூடியுள்ள பாத்திரமோ கொண்டுபோங்கள். மீன்காரர்கள் முகம் சுளிப்பதில்லை, அவர்களுக்கும் பைச் செலவு மிச்சம்.

வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு சொல் சொல்லிவிடுங்கள். உங்கள் வளவில் மரம் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். எங்கள் ஒழுங்கையில் மாமரம் உள்ளவர்கள் சருகு கொடுக்கிறார்கள், மரம் இல்லாத இரண்டு வீட்டார் பதிலுக்குப் பயற்றங்காயும் கீரையும் கொடுக்கிறார்கள். யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. சருகு கேட்கப் போய்த்தான் நாங்கள் ஒருவரையொருவர் சரியாகப் பழகிக்கொண்டோம் என்றுகூடச் சொல்வேன்.

எப்போது தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஐப்பசி பிறந்து மாரி மழை இறங்கிவிட்டால் காய்ந்த சருகு கிடைக்காது, பீப்பாய்க்குள்ளும் ஈரம் ஏறும். அதற்கு முன்பே உரப்பைகளில் சருகை அமுக்கி நிறைத்து, வாய் கட்டி, தாழ்வாரத்தில் நனையாமல் அடுக்கி வையுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு எட்டுப் பத்து உரப்பை இருந்தால் தை மாதம் வரை தட்டுப்பாடு இருக்காது.